மழலையை ரசிப்போம், காதையும் கவனிப்போம்

(உரையின் எழுத்து வடிவம்)



உங்க வீட்டில் ரெண்டு வயசுக் குழந்தை இருக்கிறதா? அப்படியென்றால் இது பழகிய காட்சிதான். ஜன்னலில் காக்கா வந்து உட்காரும். குழந்தை கையை நீட்டி, "தாத்தா! தாத்தா!" என்று கத்தும். பக்கத்தில் இருக்கிற தாத்தா, "என்னையா கண்ணு கூப்பிடறே?" என்பார். வீடே சிரிக்கும்.

சிரிக்கலாம், கவலைப்பட வேண்டாம். 'க' என்று சொல்ல நாக்கின் பின்பகுதி மேலே எழும்ப வேண்டும். 'த' சொல்ல நாக்கு நுனி பல்லைத் தொட்டாலே போதும். பிஞ்சு வாய் தனக்குச் சுலபமானதை முதலில் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

பேச்சொலிகள் ஏறக்குறைய ஒரு வரிசையில்தான் வருகின்றன. 2, 3 மாதத்தில் 'ஆ', 'ஊ' என்று கூவும். 6, 7 மாதத்தில் 'பபப', 'மமம' என்று அடுக்க ஆரம்பிக்கும். உதடு ரெண்டும் சேர்ந்தால் ப, ம வந்துவிடும். அதனால் அம்மா, அப்பா, மாமா சீக்கிரம் வருகிற சொற்கள். 1 வயதையொட்டி முதல் சொல் பிறக்கும். த, ந, க எல்லாம் மெல்ல மெல்லச் சேரும். நாக்கு நுனியைத் தட்டவும் மடக்கவும் வேண்டிய ர, ற, ழ கடைசியில் வருபவை. பள்ளிக்கூடம் போகிற வயதில்தான் பல பிள்ளைகளுக்கு அவை கைகூடும். 'ழ' பெரியவங்களையே திணறடிக்கிற எழுத்து என்பது நமக்குத் தெரியாதா என்ன!

பேச்சு எவ்வளவு புரிய வேண்டும்? பொதுவான கணக்கு இது: வெளியாட்களுக்கு 2 வயதில் பாதி, 3 வயதில் முக்கால்வாசி, 4 வயதில் ஏறக்குறைய முழுவதும். குழந்தைக்குக் குழந்தை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

இன்னொரு வேடிக்கை. 'ரயில்' என்பதை 'லயில்' என்று சொல்கிற பிள்ளையிடம் நீங்களும் "லயிலா?" என்று கேட்டுப் பாருங்க. "இல்ல, லயில்!" என்று கோபித்துக்கொள்ளும். சரியான ஒலி அதன் காதில் இருக்கிறது, வாய்க்குத்தான் இன்னும் வரவில்லை.

ஆக, பேச்சுக்கு முதல் வாசல் காது. 1984-ல் ஜேனட் வெர்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியில் உள்ள இரண்டு ஒலிகளைக் கேட்கவைத்தார்கள். நம்ம 'பத்தி', 'பட்டி' என்ற சொற்களில் வருகிற த, ட போன்ற வித்தியாசம் அது. 6 முதல் 8 மாதக் குழந்தைகள் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்தன. 10 முதல் 12 மாதத்தில் அந்தத் திறன் பெரிதும் மங்கிவிட்டது. ஒரு வயதுக்குள்ளேயே காது வீட்டு மொழிக்கு ஏற்றபடி தன்னைச் சரிசெய்துகொள்கிறது. குழந்தை பேசாத அந்த முதல் வருடம் சும்மா கழிகிற வருடம் இல்லை.

இங்கேதான் பல குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன. காது கேட்காத குழந்தையும் முதல் சில மாதங்கள் 'ஆ', 'ஊ' என்று கூவும், சிரிக்கும். "நல்லாத்தானே சத்தம் போடுது" என்று விட்டுவிடுகிறோம். பின்னால் தட்டைத் தட்டிப் பார்த்தால் திரும்புகிறது என்பார்கள். அதிர்வை உணர்ந்தோ, கை நிழலைப் பார்த்தோ கூடத் திரும்பலாம். வீட்டில் தட்டு தட்டிப் பார்ப்பது காது பரிசோதனை ஆகாது.

மருத்துவர்கள் சொல்கிற கணக்கு 1-3-6. 1 மாதத்துக்குள் காது பரிசோதனை, குறை இருந்தால் 3 மாதத்துக்குள் உறுதிசெய்வது, 6 மாதத்துக்குள் காது கேட்கும் கருவியும் பயிற்சியும். பரிசோதனையில் வலி கிடையாது, குழந்தை தூங்கும்போதே முடிந்துவிடும். மறுபரிசோதனைக்கு வரச் சொன்னால் பயப்படாதீங்க. காதில் ஈரம் இருந்தாலும் அப்படிச் சொல்வார்கள். ஆனால் கட்டாயம் போங்க.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்:

• 6 மாதத்தில் சத்தம் வரும் பக்கம் திரும்பவில்லை.
• 10 மாதமாகியும் 'பபப', 'மமம' இல்லை.
• 1 வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை.
• ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் இல்லை.
• 2 வயதில் "அம்மா வா" மாதிரி இரண்டு சொல் சேர்க்கவில்லை.
• பேசிக்கொண்டிருந்த சொற்கள் எந்த வயதிலாவது மறைந்துபோயின.

"அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று பாட்டி சொல்லலாம். உண்மையாகவும் இருக்கலாம். இருந்தாலும் காதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்போம். நாக்கில் வசம்பு உரைத்துத் தடவுவதால் பேச்சு வராது. 1 வயதுக்குள் தேன் கொடுப்பது ஆபத்தும்கூட.

எங்கே போவது? உங்க ஊர் அங்கன்வாடியில் ஆரம்பிங்க. 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு, அங்கன்வாடிகளுக்கு வருடத்தில் இரண்டு முறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். அடுத்து எப்போது வருகிறார்கள் என்று கேட்டு வையுங்க. குறை தெரிந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். காது பரிசோதனை, பேச்சுப் பயிற்சி எல்லாம் அங்கே இலவசம். கருவி போதாத குழந்தைகளுக்குச் செய்கிற காக்ளியர் அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடம் உண்டு. எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லையா? 104-க்குப் போன் பண்ணுங்க.

கையில் இருக்கிற ஸ்மார்ட்போனும் உதவும். குழந்தை பேசுவதை மாதம் ஒருமுறை ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வையுங்க. புது ஆளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்கிற பிள்ளையைப் பற்றி மருத்துவருக்கு அந்த வீடியோ நிறையச் சொல்லும். ஆனால் சோறு ஊட்ட போனைக் கொடுக்காதீங்க. 2 வயதுக்குள் திரை வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. திரை பேசும், ஆனால் குழந்தை பதில் சொல்லக் காத்திருக்காது. நீங்க காத்திருப்பீங்க.

குழந்தை "தாத்தா பறக்குது" என்றால் "தப்பு, காக்கான்னு சொல்லு" என்று அதட்ட வேண்டாம். "ஆமா கண்ணு, காக்கா பறக்குது" என்று சரியாகத் திருப்பிச் சொல்லுங்க, அதுவே நல்ல பயிற்சி.

உங்க வீட்டில் 1 வயதுக்குள் குழந்தை இருந்தால் காது பரிசோதனை நடந்ததா என்று மருத்துவமனை கொடுத்த சீட்டை இன்றைக்கே எடுத்துப் பாருங்க. இல்லையென்றால் இந்த வாரமே கூட்டிப் போங்க.