வீட்டுக் கணினிக்குக் காவல்



2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தால் நம் பிள்ளைகள் பலர் கையில் மடிக்கணினி வந்தது. அதனைக் காப்பதும் நம் கடமையே.

2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ என்னும் நச்சுநிரல் உலகெங்கும் கணினிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதனை ஏற்றாத கணினிகளே வீழ்ந்தன. ஆகவே, புதுப்பித்தலைத் தள்ளிப்போடோம். சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் படிகளைப் பென் டிரைவில் தனியே வைப்போம்.

எழுத்தறியா நம் முன்னோர் பலரை வெற்றுத்தாளில் இட்ட கைநாட்டே கடனாளியாக்கிற்று. வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண்ணும் அத்தகைய கைநாட்டே. உதவித்தொகை தருவதாகக் கூறிக் கேட்பினும் அதனைச் சொல்லலாகாது. பணம் பறிபோனால் நாணி மறைக்காது, உடனே 1930 என்னும் எண்ணில் முறையிடுவோம்.

கல்வியால் பெற்றதை விழிப்பால் காப்போம்.