சாசனம் படித்த உபாத்தியாயர்



தம் உத்தியோக காலம் முழுவதையும் ஒரே உயர்நிலைப் பள்ளியில் சரித்திரம் கற்பித்துக் கழித்த ஒரு பெரியவரின் பெயரால் நடைபெறும் இச்சொற்பொழிவில், மன்னர்களின் பராக்கிரமத்தைப் பற்றியோ சாம்ராஜ்யங்களின் வீழ்ச்சியைப் பற்றியோ பேசுவதைக் காட்டிலும், அவரைப் போன்ற ஒருவர் நம் காலத்தில் எவ்வாறு உருவாக்கப்படுகிறார் என்பதைப் பற்றிப் பேசுவதே தகும் என்று எனக்குத் தோன்றியது. பயிற்சி மாணவர்களின் வகுப்புகளைக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து கவனித்து, அவர்களுடைய பாடக் குறிப்பேடுகளில் கையெழுத்திடும் வேலை நெடுங்காலம் எனக்கு வாய்த்திருந்தமையால், இவ்விஷயத்தில் சில அபிப்பிராயங்கள் என்னுள் நிலைபெற்றுவிட்டன. அவை எல்லாருக்கும் உவப்பாயிருக்கும் என்று சொல்ல மாட்டேன்.

நம் மாநிலத்தில் சரித்திர உபாத்தியாயராக விரும்பும் ஓர் இளைஞர், வரலாற்றில் மூன்றாண்டு பி.ஏ. பட்டமும், 2015 முதல் ஓராண்டிலிருந்து இரண்டாண்டாக நீட்டப்பட்ட பி.எட். பட்டமும் பெற்று, 150 வினாக்களில் 60 வினாக்கள் சமூக அறிவியலுக்கு ஒதுக்கப்பட்ட தகுதித் தேர்வின் இரண்டாம் தாளிலும் தேறி, அதற்கு மேல் போட்டித் தேர்வையும் தாண்டினால் அல்லாமல், அரசுப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் தம் பெயரைக் காண இயலாது. இந்த ஏற்பாட்டின் வேர் பழமையானது. 1856இல் வேப்பேரியில் அரசாங்க நார்மல் பள்ளியாகத் தொடங்கிப் பிற்பாடு சைதாப்பேட்டைக்குக் குடிபெயர்ந்த கல்லூரியில், எல்.டி. என்றும் பி.டி. என்றும் பி.எட். என்றும் பட்டத்தின் பெயர் காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. பி.டி. பட்டம் மறைந்து எத்தனையோ காலமாகியும், நம் பள்ளிகளில் பட்டதாரி ஆசிரியரை இன்றும் பி.டி. அசிஸ்டெண்ட் என்றே அழைத்து வருகிறோம். பெயர் மாறிய வேகத்தில் பயிற்சியின் உட்பொருள் மாறியதா என்பதுதான் என் கேள்வி.

முதலில் பட்டப் படிப்பைப் பார்ப்போம். தமிழக வரலாறு, இந்திய வரலாறு, ஐரோப்பிய வரலாறு என்று தாள் தாளாகப் பிரித்துக் கற்பிக்கப்படும் அப்படிப்பில், முடிந்த முடிவுகள் ஏராளமாக வழங்கப்படுகின்றன. அம்முடிவுகளுக்கு எவ்விதம் வந்து சேர்ந்தார்கள் என்பது அபூர்வமாகவே சொல்லப்படுகிறது. இக்குறையை நீக்கவே வரலாற்று வரைவியல் என்றொரு தாள் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதுவும் ஹெரோடோடஸ் தொடங்கி ஈ.எச். கார் வரையிலான ஆசிரியர்களின் ஜாபிதாவாக மாறி, மூல ஆவணங்களைத் தேடிச் செல்லுமாறு வாழ்நாளெல்லாம் வற்புறுத்திய ராங்கேயைப் பற்றி, மூல ஆவணம் ஒன்றையேனும் கண்ணால் காணாமலே பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு கட்டுரை எழுதித் தேறிவிடலாம் என்கிற நிலைக்கு வந்துவிட்டது. இந்த முரணைக் கண்டு நகைப்பதா வருந்துவதா என்று எனக்கு விளங்குவதில்லை.

பி.எட். வகுப்புக்கு வந்தால் எதிர்ப்புறமான குறை. அங்கே பொருள் இருப்பதாகவே வைத்துக்கொண்டு முறையை மட்டும் கற்பிக்கிறார்கள். நுண்ணிலைக் கற்பித்தலில் ஆறேழு நிமிஷத்துக்குள் ஒரு திறனைக் காட்ட வேண்டும். பாடக் குறிப்பில் நோக்கம், ஆயத்தம், துணைக்கருவி, வளர்ச்சி, மதிப்பீடு, வீட்டுப்பாடம் என்று கட்டம் கட்டி எழுத வேண்டும். ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போட்டு, சார்ட்டுக்கு நான்கு பக்கமும் வண்ணக் கோடு இழுக்க வேண்டும். இவற்றை நான் வீண் என்று சொல்லவில்லை. நாற்பது குழந்தைகளுக்கு முன்னால் முதன்முதலாக நிற்கிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதேனும் ஒரு கைப்பிடி வேண்டியதுதான். ஆயினும், பின்னம் கற்பிக்கும் குறிப்பும் பிளாசிப் போரைக் கற்பிக்கும் குறிப்பும் ஒரே கட்டங்களுக்குள் அடங்கிவிடுமானால், இரண்டில் ஒன்றன் இயல்பு சிதைந்திருக்கிறது என்பது ஒருதலை.

ஒரு வகுப்பில் கண்டதைச் சொல்கிறேன். பயிற்சி பெறும் பெண் ஒருவர், மிகுந்த சிரத்தையோடு தயாரித்து வந்து, ஓலையில் பெயரெழுதிப் பானையிலிட்டு ஊர் வாரியத்தாரைத் தேரும் சோழர் காலக் குடவோலை முறையை நடத்திக்கொண்டிருந்தார். அட்டையில் பானை வரைந்து கத்தரித்திருந்தார். காகிதத் துண்டுகளை ஓலையாக்கி, ஒரு சிறுவனை அழைத்து எடுக்கச் செய்தார். பிள்ளைகளுக்கு ஒரே உற்சாகம். அப்போது முன்வரிசையிலிருந்த ஒரு சிறுமி எழுந்து, “டீச்சர், இதெல்லாம் யாரு பாத்து எழுதி வச்சது?” என்று கேட்டாள். ஆசிரியையின் முகம் ஒரு கணம் வாடிற்று. “புத்தகத்துல போட்டிருக்கும்மா, உக்காரு” என்று சொல்லி அடுத்த பகுதிக்குப் போய்விட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஐந்தாண்டுப் படிப்பில் அவரிடம் எவரும் அக்கேள்வியைக் கேட்டதில்லை. அவர் பிறரைக் கேட்பதற்கும் சந்தர்ப்பம் அளிக்கப்பட்டதில்லை. ஆனால் சரித்திர வகுப்பில் எழக்கூடிய கேள்விகளிலெல்லாம் தலையாயது அச்சிறுமி கேட்டதே என்பதும், அதற்கு விடை சொல்லத் தகுதியாக்குவதே உபாத்தியாயர் பயிற்சியின் பிரதான காரியம் என்பதும் என் துணிபு.

விடை எங்கே இருக்கிறது? காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் இருக்கிறது. முதற் பராந்தகனுடைய 12ஆம் ஆட்சியாண்டாகிய 919லும், 14ஆம் ஆட்சியாண்டாகிய 921லும் வெட்டப்பட்ட இரண்டு சாசனங்கள் அங்கே உள்ளன. 1898இல் படியெடுக்கப்பட்டு, சாசன ஆராய்ச்சியாளர் வெங்கையாவின் உழைப்பால் அச்சேறி உலகறிந்தவை. படியெடுப்பது எப்படி என்பதே ஒரு பாடத்துக்குப் போதும். கல்லைக் கழுவித் தூசி போக்கி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்தின் பள்ளங்களுக்குள் தாள் இறங்கும்படி தூரிகையால் அடித்து, மேலே மையை ஒற்றி எடுத்தால், சுற்றிடமெல்லாம் கறுத்து எழுத்துக்கள் மட்டும் வெண்மையாகத் தெளியும். யார் பார்த்து எழுதினார்கள் என்று கேட்ட சிறுமிக்கு, ஊர்ச் சபையார் தாமே தீர்மானித்துக் கல்லில் வெட்டுவித்தார்கள், அக்கல்லின் நிழல் இது என்று அந்த மைப்படியின் அச்சுப் படத்தைக் காட்டினால், அவளுக்குச் சரித்திரத்தின் மேல் உண்டாகும் நம்பிக்கையே வேறாக இருக்கும்.

சாசனத்தை உபாத்தியாயர் உண்மையில் படித்திருந்தாரானால், பாடப்புத்தகத்தின் நான்கு வரி எத்தனையோ மடங்காக விரியும். ஊரைக் குடும்பு என்னும் முப்பது பகுதிகளாகப் பிரித்து, குடும்புக்கு ஒருவராக முப்பது பேரைத் தேர்ந்து, சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் என்று அமர்த்தினார்கள். பதவிக்காலம் 360 நாள். பானைக்குள் என்ன இருக்கிறதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுக்க, அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையிலேதான் ஏற்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். விரலிடுக்கில் வேறோர் ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடுவானோ என்கிற சந்தேகம் அச்சபையாருக்கு இருந்திருக்க வேண்டும். கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது. அவன் மட்டுமன்று, அவனுடைய மாமன், மருமகன், சின்னம்மை பெரியம்மை மக்கள் முதலிய உறவினரும் நிற்கக் கூடாது. கழுதை ஏறினவனும் கூடாது, கள்ள எழுத்து இட்டவனும் கூடாது. கழுதை என்றதும் வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், குற்றம் செய்தவனைக் கழுதை மேல் ஏற்றி ஊர்வலம் விடும் தண்டனையைப் பற்றிச் சொல்லிவிடலாம்.

இவையெல்லாம் சுவையான பகுதி. சுவையில்லாத பகுதியைச் சொல்வதில்தான் உபாத்தியாயரின் நேர்மை இருக்கிறது. பெயர் எழுதப்படும் தகுதி, கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவனுக்கே உரியது. வேத பாஷ்யங்களில் தேர்ச்சி இருந்தால் அரைக்கால் வேலி போதும். உத்திரமேரூர் பிராமணருக்கு அளிக்கப்பட்ட ஊராகிய பிரமதேயம், சபையும் அவர்களுடையதே. நிலத்தை உழுதவர்களின் பெயர் எந்தப் பானைக்குள்ளும் விழவில்லை; பெண்களின் பெயரும் விழவில்லை. மேலும், இரு முறையும் அரசனுடைய ஆணையோடு ஓர் அதிகாரி வந்து உடனிருந்தே இவ்வியவஸ்தை செய்யப்பட்டது. உலகத்துக்கு ஜனநாயகம் கற்பித்தவர்கள் நாமே என்று மேடையில் முழங்குவதற்கு இச்சாசனத்தை எடுத்துக்கொள்கிறவர்கள், இவ்வரிகள் வரும்போது சுவரை விட்டுக் கண்ணை எடுத்துவிடுகிறார்கள். அவர்களோடு எனக்குப் பகையில்லை. ஆனால் மேடைக்காரர் விடலாம், உபாத்தியாயர் விடலாகாது.

இன்னும் ஒன்று. 919இல் முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் என்றிருந்த வயது வரம்பு, இரண்டே ஆண்டில், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்று திருத்தப்பட்டிருக்கிறது. ஏன்? சாசனம் காரணம் சொல்லவில்லை. முதல் ஏற்பாட்டில் ஏதோ கலகம் நேர்ந்ததா, இளையவர்கள் மேல் முதியவர்களுக்கு நம்பிக்கை குறைந்ததா, அல்லது தகுதியுடையவர்கள் போதாமல் மேல்வரம்பைத் தளர்த்தினார்களா என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை விவாதிக்க விட்டுப் பாருங்கள். ஆதாரம் எதுவரை போகிறது, அனுமானம் எங்கே தொடங்குகிறது என்கிற எல்லைக்கோட்டை அவர்களே கண்டுபிடிப்பார்கள். ஐம்பது ஆண்டுகளையும் பெயர்களையும் மனப்பாடம் செய்வித்தாலும் வராத விவேகம் அது.

பள்ளிக்கூட உபாத்தியாயருக்கு இவ்வளவு ஆராய்ச்சி சாத்தியமா என்று கேட்பவர்களுக்கு ஒரு திருஷ்டாந்தம் உண்டு. தி.வை. சதாசிவப் பண்டாரத்தார் கும்பகோணம் பாணாதுறை உயர்நிலைப் பள்ளியில் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ஆசிரியராக இருந்தவர். அதுவும் சரித்திர ஆசிரியராக அல்ல, தமிழாசிரியராக. பள்ளி விட்ட நேரத்திலும் விடுமுறையிலும் சோழநாட்டுக் கோயில்களைச் சுற்றி, சுவர்களில் விரல் வைத்துப் படித்து, இலக்கியத்தையும் சாசனத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தெளிந்தவர். 1942இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது; பிற்காலச் சோழர் சரித்திரத்தின் முதற் பகுதி 1949இலும் இரண்டாம் பகுதி 1951இலும் அப்பல்கலைக்கழக வெளியீடுகளாக வந்தன. பல்கலைக்கழகம் அவரை ஆராய்ச்சியாளர் ஆக்கவில்லை; உயர்நிலைப் பள்ளியில் இருந்தபோதே அவர் ஆராய்ச்சியாளராக இருந்தார். எல்லாரும் பண்டாரத்தார் ஆகிவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு உபாத்தியாயரும் தம் ஊர்க் கோயில் சுவரிலுள்ள ஒரேயொரு சாசனத்தையாவது, அச்சிட்ட பாடத்தின் துணைகொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்திருக்கலாம் அல்லவா?

இதற்கு எழும் ஆட்சேபங்களை நான் அறியாதவன் அல்லன். ஒன்பதாம் வகுப்புப் பாடம் மனித இனத்தின் தோற்றத்தில் தொடங்கித் தொழிற்புரட்சியைக் கடந்து ஆசிய ஆப்பிரிக்கக் காலனியாதிக்கம் வரை ஓடுகிறது. பத்தாம் வகுப்பு முதல் உலகப் போரில் தொடங்குகிறது. வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கும் சேர்ந்த ஒரே தாளுக்கு நூறு மதிப்பெண். சரித்திரம் படித்து வந்தவர் பருவக்காற்றையும் பணவீக்கத்தையும் கற்பிக்க வேண்டும். காலக்கோடும் வரைபடமும் போட்டுப் பழக்க வேண்டும். தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் தலைமையாசிரியருக்குப் பதில் சொல்ல வேண்டும். போர்ஷன் முடிக்கவே நேரம் போதாது என்னும் முறையீடு முழுக்க நியாயமானது. ஆகையால் வகுப்பு நேரத்தை மாற்றச் சொல்லி நான் வாதாட வரவில்லை. பயிற்சிக் காலத்தைப் பற்றியே பேசுகிறேன். இரண்டாண்டு பி.எட். படிப்பில் பள்ளியில் கழிக்க வேண்டிய காலம் இருபது வாரமாக விதிக்கப்பட்டிருக்கிறது. அவற்றில் பதினாறு வாரம் இரண்டாம் ஆண்டில் வருகிறது. பதினாறு வாரத்தில் ஒரே ஓர் ஆவணத்தோடு பழக நேரமில்லை என்று சொல்வதற்கு இடமில்லை.

சாசனம் இல்லாத ஊர் என்று சிலர் கையை விரிப்பார்கள். அவர்களுக்கும் வழி உண்டு. பயிற்சிக்குச் செல்லும் பள்ளியின் அலமாரியிலேயே உண்டு. அட்மிஷன் ரிஜிஸ்டர் என்று நாம் சொல்லும் பழைய சேர்க்கைப் பதிவேடுகளை, தலைமையாசிரியரின் அனுமதியோடு, மாணவர் பெயர் முதலிய அந்தரங்க விவரங்களை ஒதுக்கிவிட்டு, ஒரு பதினைந்து இருபது ஆண்டு இடைவெளியில் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும். எந்த ஆண்டிலிருந்து பெண் குழந்தைகள் கூட்டமாகச் சேரத் தொடங்கினார்கள், தந்தையின் தொழிலென்று எழுதப்பட்டவை எவ்வாறு மாறின, எந்தத் தெருப் பிள்ளைகள் எத்தனை வகுப்போடு நின்றார்கள் என்பதெல்லாம், மங்கிய மசியில், எலி கடித்த ஓரங்களுக்கு நடுவே தெரியவரும். தமிழ்நாட்டில் சமூக மாற்றங்கள் என்று பத்தாம் வகுப்புப் புத்தகத்திலுள்ள பாடத்துக்கு அதைவிடச் சிறந்த துணைக்கருவி எந்தக் கடையிலும் விற்பதில்லை. சாதிப் பத்தியை எவ்வாறு கையாள்வது, வகுப்பில் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்னும் இக்கட்டான பிரச்சினையும் அங்கே எழும். பயிற்சியிலேயே அது எழுந்துவிடுவது நல்லது, வழிகாட்டி ஆசிரியர் அருகில் இருக்கும்போதே.

இவ்வாறு ஓர் ஆவணத்தைத் தேடி, படித்து, அதைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதி, அதிலிருந்து பிள்ளைகள் கேட்கக்கூடிய கேள்விகளையும், அவற்றுள் தமக்கு விடை தெரியாதவை எவை என்பதையும் குறித்துத் தருவதைச் செயல்முறைத் தேர்வின் ஓர் அங்கமாக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம். இதற்கான மதிப்பெண்களுக்கு வேறெங்கும் அலைய வேண்டாம். இப்போது சார்ட்டுக்கும் மாதிரிப் பொம்மைக்கும் அளிக்கப்படும் மதிப்பெண்களில் பாதியை எடுத்துக்கொள்ளலாம். பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவின் ஒரு பிற்பகல் கூட்டம் இதற்குப் போதும். அக்குழுவின் அங்கத்தினர் இருவர் இச்சபையில் வீற்றிருக்கிறார்கள் என்று வரும்போது சொன்னார்கள். கூட்டம் முடிந்ததும் அவர்களைச் சந்திக்க விரும்புகிறேன்.