பழுப்பு நிறம் தீட்டிய மலை



புவியியல் கொப்பியில் இலங்கைப் படத்தின் நடுவே பழுப்பு நிறம் தீட்டி, 'ஹோட்டன் சமவெளி' என்று எழுதியவர்கள் நாங்கள். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் அங்கிருந்து நீர் போகிறது என்று பாடமாக்கினோம். வருடம் முழுவதும் ஓடும் ஆறொன்றைக் கண்டிராத யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள்! அது 1995. ஒக்டோபர் முடிவில் ஊரே இடம்பெயர்ந்தது. சுற்றுலாவை யார் நினைத்தார்கள்?

சென்ற வருடம் எங்கள் வகுப்பினர் ஒன்பது பேர் அங்கே போனோம். ஒருத்தி அப்போதுதான் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்திருந்தாள். 2,100 மீற்றர் உயரம், 9 கிலோமீற்றருக்கு மேல் நடை. எங்களில் மூவர் வைத்தியர்கள். மூவரும் வேண்டாம் என்றோம்.

"செம்மணியாலை நடந்தனாங்கள், இது நடக்கமாட்டமோ?" என்றாள். வாயை மூடிக்கொண்டோம்.

வாசலில் சொப்பின் பைகளைப் பறித்துவிட்டார்கள். வாழையிலையில் கட்டிய புட்டு தப்பியது. உள்ளே, பனி படர்ந்த பத்தனைப் புல்வெளியில் மரைகள் மேய்ந்தன. இருபது அடி நடந்தால் முகிற்காடு: கூனிக் குறுகிய மரங்கள், கிளையெல்லாம் பாசி, காலடியில் கறுத்த சேறு. மறுபடி வெளி. அங்கங்கே நின்றபடியே பட்டுப்போன மரங்களும் உண்டு. 1988இல் தேசிய பூங்காவாகி, 2010இல் மத்திய மலைநாட்டோடு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த இடத்திலும் காடு நோயுறுகிறது என்பது எங்களுக்கு உறைத்தது.

அவளுடைய வேகத்துக்கே நடந்தோம். ஆகவே உலக முடிவை அடையப் பத்தரை மணியாகிவிட்டது. ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்துப் பள்ளம். நாங்கள் கண்டதோ வெள்ளை வேட்டி விரித்ததுபோல் மூடுபனி. ஒரு மணித்தியாலம் குந்தியிருந்து புட்டைச் சாப்பிட்டோம். பனி அசையவில்லை.

"படத்திலை கனதரம் பார்த்ததுதானேயடி," என்றாள் அவள், எங்களைத் தேற்றுவதுபோல.

திரும்பும் வழியில் பேக்கர் நீர்வீழ்ச்சி. இந்தத் தண்ணீர் எந்த ஆற்றுக்குப் போகிறது என்று வாக்குவாதம் எழுந்தது. மகாவலி என்று வைத்தியர்கள் மூவரும் அடித்துச் சொன்னோம். "பெலிஹுல் ஓயா, வளவைக்குப் போகுது," என்றாள். அவள் சொன்னதுதான் சரி.

அடுத்த தை மாதம், பனி குறைந்த காலத்தில், விடியவே வாசலில் நிற்பதாகத் திட்டம். திகதியை அவளே குறித்திருக்கிறாள். வர விரும்புவோர் தேநீர் இடைவேளையில் அவளிடம் பெயர் கொடுங்கள், முன்வரிசையில் இருக்கிறாள்.