பொதி அவிழ்ந்த எண்



வடசொல் தமிழுக்குள் வருங்கால் வடவெழுத்தைக் களைந்து வரவேண்டும் என்கிறது தொல்காப்பியம். ஹாஸ்கெல் நிரல்மொழியின் ஜிஎச்சி தொகுப்பி, சி மொழிச் செயற்கூற்றை அழைக்கையில் ஏறத்தாழ இதையே செய்கிறது, திசைதான் வேறு. ஹாஸ்கெலின் முழுவெண் பொதுவாகப் பொதியொன்றுக்குள் இருக்கும். 'கோர்' எனப்படும் உள்வடிவத்தில் அப்பொதி அவிழ்க்கப்பட்டு, வெற்றெண் மட்டுமே வெளியே செல்லும். திரும்பிவரும் விடை மீண்டும் பொதியப்படும். அழைப்புகளின் வரிசை பிறழாதிருக்க, உலகநிலையைக் குறிக்கும் அடையாளம் ஒன்றும் உடன் கைமாறும். நிரல் ஓடும்போது அதற்கு வடிவமே இல்லை, எழுவாய் வேற்றுமைக்கு உருபில்லாததுபோல.

என் அச்சம் வேறிடத்தில். அயற்செயற்கூற்றின் வகையென நாம் எழுதித்தருவதை, வழக்கமான அழைப்பில், தொகுப்பி சரிபார்ப்பதில்லை, நம்பிவிடுகிறது. சி மொழி பின்ன எண்ணை எதிர்பார்க்குமிடத்தில் முழுவெண் என்று எழுதினாலும் தடுக்காது. நிரல் ஓடும், விடை பிழையாகும்.