துயில் இழந்தோர்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் யாம் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பாடஞ் சொல்லுதலையே தொழிலாகக் கொண்ட யாம் உடல்நூற் பொருளைப் பேசப் புகுந்தமை சிலருக்கு வியப்பாகலாம். காரணம் உண்டு. எம் தமையனார் சிறுநீரகம் செயலிழந்து, மூன்றாண்டுகளாக வாரம் மும்முறை டயாலிசிஸ் செய்துகொண்டு வருகின்றார். இரவெல்லாம் விழித்திருப்பார், பகலில் நாற்காலியிற் சாய்ந்தவாறே கண்ணயர்வார். "பகலில் உறங்கினால் இரவில் உறக்கம் எங்ஙனம் வரும், அண்ணா? வீண் கவலையை விடுங்கள்" என்று யாமே பலகாற் கடிந்துரைத்தோம். அவர் மறுமொழி கூறாது தலை கவிழ்ந்திருந்தார். அது பிழையென்று பின்னரே கற்றறிந்தோம். அப்பிழை நும் இல்லங்களில் நிகழாதிருத்தல் வேண்டுமென்பதே இவ்வுரையின் நோக்கம்.

மூளையின் நடுவே பீனியல் என்னும் சிறு சுரப்பியொன்று உளது. இருள் சூழ்ந்ததும் அது மெலடோனின் என்னும் சுரப்புநீரைக் குருதியிற் கலக்கும். 1958-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு யேல் பல்கலைக்கழகத்து ஆரன் லெர்னர் என்பார் இதனைப் பிரித்தெடுத்துப் பெயருமிட்டார். இரவு வந்ததென்று ஊருக்கு அறிவிக்கும் காவலனைப் போல்வது இது. கார்டிசால் என்பதோ, சிறுநீரகங்களின் மேலமைந்த அட்ரினல் சுரப்பிகளிற் பிறப்பது. விடியலில் மிக்கும் நள்ளிரவிற் குறைந்தும் நிற்பது. அச்சமும் நோயும் நேருங்கால் பெருகுதலின், அதனை மன அழுத்தச் சுரப்புநீர் என்பர்.

டயாலிசிஸ் செய்துகொள்வோர் பலரிடத்து, மெலடோனின் இரவில் எழவேண்டிய அளவு எழுவதில்லை. கார்டிசாலின் ஏற்றத்தாழ்வும் சிலர்பால் மழுங்கிவிடுகின்றது. காவலன் குரல் கேளாத ஊர் எங்ஙனம் துயிலும்? தோலரிப்பு, கால்களின் அமைதியின்மை, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படல், பொறியருகே நான்கு மணி நேரம் படுத்திருக்குங்கால் வரும் பகலுறக்கம் ஆகியனவும் உடன் சேரும். இத்தனைக்கும் 'கவலை' என்னும் ஒரு சொல்லையே காரணமாக்குதல் முறையோ?

அங்ஙனமாயின் மெலடோனின் மாத்திரையை உண்டால் தீருமே எனலாம். 1943-இல் செயற்கைச் சிறுநீரகத்தை இயக்கிக் காட்டிய வில்லெம் கோல்ஃப் பிறந்த நெதர்லாந்து நாட்டிலேயே இவ்வினாவும் ஆராயப்பட்டது. 2013-இல் வெளிவந்த அவ்வாராய்ச்சியில், இரவுதோறும் 3 மில்லிகிராம் ஓராண்டுக் காலம் கொடுத்தனர். மூன்றாந் திங்களிற் கண்ட நன்மை ஆண்டிறுதியில் நிலைக்கவில்லை. 2001-இல் கனடா நாட்டு டொராண்டோவினின்று வெளிவந்த ஆய்வு வேறொரு வழி காட்டிற்று. பதினால்வர், வாரம் மும்முறை செய்வதை விடுத்து, இரவுதோறும் உறங்கும்போதே நெடுநேரம் டயாலிசிஸ் செய்துகொண்டனர். மணிக்குச் சராசரி 25 முறையாயிருந்த மூச்சுத் தடை 8 ஆகக் குறைந்தது. குருதி நன்கு தூய்மையுறின் துயிலும் திருந்தும் என்பது இதனாற் பெறப்படும்.

ஆதலின் அன்பர்களே! உறக்கமின்மையை மருத்துவரிடம் மறையாது கூறுக. குறட்டை, கால் உளைச்சல், அரிப்பு இவற்றையும் உடன் உரைக்க. தாமே மாத்திரை வாங்கி உண்ணுதல் ஒழிக. காலையில் வெயிலொளியும், இரவில் விளக்கொளி குறைந்த அறையும் அவர்க்கு அமைத்துத் தருக. எல்லாவற்றிற்கும் மேலாக, கடிந்துரையற்க.

இப்பொழுது எம் தமையனார் விழித்திருக்கும் இரவுகளில், யாமும் சிறிது நேரம் அவரருகே அமர்ந்து பழங்கதை பேசுகின்றோம். அதனால் அவர்க்குத் துயில் வந்துவிடுவதில்லை. ஆயினும் அவர் இப்பொழுது தலை கவிழ்வதில்லை.