தடயவியல் படிக்கும் பிள்ளைகள் எங்கே பழகுவது?



தடயவியல் படிக்கும் பிள்ளைகள் வைத்தியர்களான எங்களிடம் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: "அக்கா, வேலை பழக எங்கே போறது?"

தொலைக்காட்சியில் வரும் ஆய்வுகூடத்தைத் தேடினால் கொழும்புக்குத்தான் போகவேண்டும். இங்கே பிரேத அறைக்குள் சட்ட வைத்திய அதிகாரியின் அனுமதியில்லாமல் நுழைய முடியாது. நுழையவும் கூடாது, அங்கே கிடப்பவர் யாரோ ஒருவரின் அம்மா.

ஆனால் எங்கள் வாசலிலேயே செம்மணி இருக்கிறது. 1999இல் அங்கே 15 உடல்கள் எடுக்கப்பட்டன. 2025இல் சிந்துபாத்தி மயானத்தில் நீதிமன்ற உத்தரவோடு தோண்டியபோது 200இற்கு மேற்பட்ட என்புக்கூடுகள். ஒரு குழந்தையின் என்புகளோடு நீலநிறப் பள்ளிப் பை. பேராசிரியர் ராஜ் சோமதேவவின் குழுவோடு யாழ். பல்கலைக்கழகத் தொல்லியல் மாணவர்களும் நின்றார்கள். வெயிலுக்குள் குந்தியிருந்து தூரிகையால் மண் தட்டுவது, அரிப்பது, இலக்கமிடுவது, எழுதிவைப்பது. அலுப்பான வேலைதான். ஆனால் ஓர் இலக்கம் பிசகினால் அந்தப் பை எந்தப் பிள்ளையினுடையது என்று பிறகு ஒருவராலும் சொல்ல முடியாது.

எனவே தங்கச்சிமாரே, புதைகுழிதான் வேண்டுமென்றில்லை. தொல்லியல் அகழ்வு எங்கே நடந்தாலும் கேட்டுப் போய் மண் அரியுங்கள். திறந்த நீதிமன்றத்தில் பின்வாங்கில் இருந்து, வைத்தியர் சாட்சி சொல்வதையும் குறுக்கு விசாரணையில் திணறுவதையும் பாருங்கள். நாங்களும் திணறியிருக்கிறோம்.

லண்டன், ரொறன்ரோ, மெல்பேண் அக்காமாரே, உங்கள் ஆய்வுகூடங்களில் ஒரு பிள்ளைக்கு ஆறு கிழமை இடம் எடுத்துத் தரமுடியுமா? முடிந்தவர்கள் செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள், தேத்தண்ணிக்கு எழும்ப முதல்.