வாடகை வீட்டுக்கா, ஆபீஸுக்குப் பக்கத்தில் இருப்பதற்கா?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் மட்டும் நம் காலனியில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "பையன் ஓ.எம்.ஆரில் பிளாட் பார்த்திருக்கான், தோட்டத்தைக் கொடுத்துட்டு முன்பணம் கட்டிடலாமா அண்ணே?" வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள் என்று செயலாளர் இந்த மைக்கைக் கொடுத்துவிட்டார்.

உங்கள் வீட்டுப் பிள்ளை ரயிலிலோ ஆம்னி பஸ்ஸிலோ ஏறிச் சென்னை போய் இறங்குகிற அந்த ரோட்டைப் பற்றி முதலில் சொல்கிறேன். பழைய மகாபலிபுரம் சாலை. துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி எல்லாம் ஒரு காலத்தில் சின்ன ஊர்கள். தரமணியில் 2000-ல் டைடல் பார்க் திறந்தார்கள். டிட்கோவும் எல்காட்டும் சேர்ந்து கட்டியது, இரண்டு பெயரையும் சேர்த்துத்தான் டைடல். அதன் பிறகு சிறுசேரியில் சிப்காட் ஐ.டி. பூங்கா, சோழிங்கநல்லூரில் எல்காட் பொருளாதார மண்டலம், ஆறு வழிச் சாலை என்று வரிசையாக வந்தது. ஐ.டி. என்றால் இந்தச் சாலைதான் என்று ஆகிவிட்டது.

இந்தச் சாலையின் அமைப்பைக் கவனியுங்கள். கிழக்கே பக்கிங்காம் கால்வாய், அதைத் தாண்டினால் கடல். மேற்கே பெரும்பகுதி பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2022-ல் அதை ராம்சார் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். ஆக, இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் ஒரு ரிப்பன் மாதிரி நிலம். வேலையெல்லாம் அந்த ரிப்பனில். வேலைக்கு வருகிறவர்கள் தேனியிலிருந்து, திருநெல்வேலியிலிருந்து, ஆந்திராவிலிருந்து. நிலம் வளராது, ஆள் வந்துகொண்டே இருப்பான். விலை ஏறாமல் என்ன செய்யும்?

சரி, இது எல்லா ஊரிலும் நடப்பதுதானே என்று கேட்பீர்கள். நடக்கிறதுதான். ஆனால் முன்பு தொழில் வந்த விதம் வேறு. நம் பக்கத்திலேயே பாருங்கள். மேகமலை டீ எஸ்டேட்டில் வசதி குறைந்ததோ என்னவோ, ஆள் சேர்த்தால் லயன் வீடு கொடுக்க வேண்டும். லோயர்கேம்பில் மின்நிலையம் வந்தபோது மின்வாரியக் குடியிருப்பும் வந்தது. சென்னையில் பெரம்பூர் ஐ.சி.எப். 1955-ல் உற்பத்தியைத் தொடங்கியது, அதற்கென்று ஐ.சி.எப். காலனியே இருக்கிறது. ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பு, நெய்வேலியில் ஒரு நகரமே. அந்தக் குவார்ட்டர்ஸ் வீடுகளை நாம் கிண்டல் செய்திருப்போம், புறாக்கூடு என்று. ஆனால் அங்கே குடியிருந்த தொழிலாளி வாடகைக்காக வெளியே போய் உள்ளூர்க்காரனோடு போட்டி போடவில்லை.

ஐ.டி. கம்பெனி அப்படி வரவில்லை. கண்ணாடிக் கட்டடம் கட்டியது, பஸ் விட்டது, கேன்டீன் வைத்தது. படுக்கிற இடத்தை மட்டும் சம்பளத்தில் பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டது. சம்பளம் நல்ல சம்பளம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரே ரோட்டில் ஆயிரக்கணக்கானவர் கையிலும் அதே நல்ல சம்பளம் இருந்தால் அதில் ஒரு பங்கு நேராக வீட்டுக்காரர் கைக்குப் போய்விடும். கம்பெனி கொடுத்த இன்கிரிமென்டை வீட்டுக்காரர் வாங்கிக்கொள்கிறார்.

இதை நான் கணக்கில் கற்றுக்கொள்ளவில்லை. 2020-ல் கண்ணால் பார்த்தேன். நீங்களும் பார்த்தீர்கள். கொரோனா வந்ததும் பிள்ளைகள் எல்லாம் லேப்டாப்போடு ஊருக்கு வந்துவிட்டார்கள். நம் தெருவில் மாடிக்கு மாடி ராத்திரி பதினோரு மணிக்கு இங்கிலீஷில் மீட்டிங். நெட் கிடைக்காமல் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்து வேலை பார்த்த பையன்கூட உண்டு. அந்தச் சமயத்தில் ஓ.எம்.ஆரில் டு-லெட் போர்டு தொங்கியது. வாடகை இறங்கியது, பி.ஜி. விடுதிகள் காலியாகிப் பல மூடியே போயின. வீடு அதே வீடு. அதே டைல்ஸ், அதே லாரித் தண்ணீர், அதே கொசு. ஆபீஸ் மட்டும்தான் மூடியிருந்தது. பிறகு வாரத்துக்கு மூன்று நாள் வா, ஐந்து நாள் வா என்று கூப்பிட ஆரம்பித்ததும் வாடகை பழையபடி ஏறி, அதற்கு மேலும் போய்விட்டது.

அப்படியென்றால் இத்தனை நாள் உங்கள் பிள்ளை கொடுத்தது வீட்டுக்கு வாடகையா? ஆபீஸுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்வதற்கு வாடகை. பிளாட் விலையிலும் பெரும்பங்கு அதுதான். தோட்டத்தை விற்பதற்கு முன் இந்த ஒன்றை மட்டும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். பழைய பழக்கம், விடாது. 60 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம். மாதத் தவணை ஏறக்குறைய 52,000 ரூபாய். முடிகிறபோது கட்டியிருப்பது ஒன்றேகால் கோடிக்கு அருகில். இதற்கு மேல் பதிவுச் செலவு, கார் நிறுத்தம், மாதா மாதம் பராமரிப்புக் கட்டணம், கோடையில் தண்ணீர் லாரி. 2019 ஜூன் வறட்சியில் அந்தச் சாலையில் உள்ள கம்பெனிகளே தண்ணீர் இல்லை, வீட்டிலிருந்து வேலை பாருங்கள் என்று ஊழியர்களிடம் சொன்ன செய்தியை மறந்திருக்க மாட்டீர்கள். 2015 டிசம்பரில் அதே பகுதியில் தண்ணீர் அதிகமாகிப் படகு விட்டார்கள்.

தவணை 20 வருடம். வேலை? 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. நம் ஊர்க்காரர்கள் அரசு வேலைக்கு அடுத்தபடியாக நம்பிய கம்பெனி அது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அந்தச் சம்பளத்தை நம்பி ஏறிய விலையை, அந்தச் சம்பளம் 20 வருடம் வரும் என்று நம்பி வாங்குகிறோம் என்பதைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. தோட்டம் விற்று பிளாட் வாங்குகிறவர், இரண்டும் நிலம்தானே என்று நினைக்கிறார். பத்திரத்தில் உங்கள் பெயருக்கு வருவது பிரிபடாத பாகம். நூறு வீடு இருக்கிற கட்டடத்தில் அது சில நூறு சதுர அடி. மீதி கான்கிரீட், அது வருடா வருடம் பழசாகும். பில்டரிடம் கார்பெட் ஏரியா எவ்வளவு, பிரிபடாத பாகம் எவ்வளவு, ரெரா பதிவு எண் என்ன என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். சூப்பர் பில்ட்-அப் என்று அவர் ஆரம்பித்தால் டீ குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம். மெட்ரோ வருகிறது என்பார். வருகிறது, மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை வேலை நடக்கிறது. ஆனால் அந்த ரயிலுக்கான விலையைத் தூண் எழும்பும்போதே வீட்டு விலையில் சேர்த்துவிட்டார்கள்.

நம் பிள்ளைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். இந்த விலையில் உண்மையாக அடிபட்டவர்கள் வேறு ஆட்கள். அந்தச் சாலையின் ஓரத்தில் கண்ணகி நகர் இருக்கிறது. கூவம், அடையாறு கரையிலும் நகரத்தின் நடுவிலும் இருந்த குடிசைக்காரர்களை 2000 வாக்கிலிருந்து கொண்டுபோய்க் குடியேற்றிய இடம். 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். பின்னால் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். நகரத்துக்குள் செய்துகொண்டிருந்த வீட்டு வேலை, மீன் வியாபாரம் எல்லாம் இருபது கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. இப்போது அங்கிருந்துதான் கண்ணாடிக் கட்டடங்களுக்கு ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் போகிறார்கள். வேலைக்குப் பக்கத்தில் வீடு இருக்கிறதே, நல்லதுதானே என்று ஒருவர் என்னிடம் சொன்னார். தானாகத் தேர்ந்து போனால் நல்லதுதான். அந்தக் கட்டடத்தின் காவலாளியோ, பக்கத்து ஆஸ்பத்திரி நர்ஸோ அதே சாலையில் வெளிச்சந்தை வாடகை கொடுத்துக் குடியிருக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஒரே அறையில் நாலு பேர், இல்லாவிட்டால் கேளம்பாக்கத்தையும் தாண்டி.

அமெரிக்காவில் இது இன்னும் முற்றிய நோய். சான் பிரான்சிஸ்கோவில் 2013 வாக்கில் வாடகை தாங்காத ஜனங்கள் டெக் கம்பெனி பஸ்களை மறித்து நின்றார்கள். கடைசியில் 2019-ல் மைக்ரோசாப்ட் சியாட்டில் பகுதிக்கு 50 கோடி டாலரும், கூகுள் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்துக்கு 100 கோடி டாலரும் வீட்டு வசதிக்கு ஒதுக்குவதாக அறிவித்தன. அதனால் அங்கே எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனால் வீட்டுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்ல முடியாமல் போனதே, அதுதான் முக்கியம். இங்கே தொழிற்சாலைப் பக்கத்தில் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் சிப்காட் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பைக் கட்டி, 2024 ஆகஸ்ட்டில் திறந்தார்கள். செலவு 706.50 கோடி. செல்போன் பாகம் கோக்கிற பெண்ணுக்குச் செய்ய முடிந்ததை ஐ.டி. சாலையின் ஹவுஸ்கீப்பிங் பெண்ணுக்கும் செய்யலாம். தொழில் பூங்காவுக்கு நிலம் ஒதுக்கும்போதே அதில் ஒரு பங்கை வாடகைக் குடியிருப்புக்கு என்று எழுதிவிட்டால் போதும்.

இனி நம் ஊர். இதில் உங்களுக்குக் கோபம் வரலாம்.

அந்தப் பணம் அங்கேயே நின்றுவிடவில்லை, இங்கேயும் வருகிறது. சென்னையில் வாங்க முடியாதவர், வாங்கி முடித்தவர் இரண்டு பேரும் ஊரில் ஒரு பிளாட்டாவது போட்டு வைப்போம் என்கிறார்கள். முல்லைப்பெரியாறு தண்ணீரில் லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிற பள்ளத்தாக்கு இது. ரோட்டு ஓரம் எத்தனை வயலில் கல் ஊன்றிக் கொடி பறக்கிறது என்று பஸ்ஸில் போகும்போது எண்ணிப் பாருங்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016-ல் உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகு, 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன. மனைக்கு ஒழுங்கு வந்தது. விலை குறையவில்லை. பன்னீர் திராட்சை போடுகிறவர் ஒரு ஏக்கர் கூடுதலாக வாங்கலாம் என்று நினைத்தால் அவர் போட்டி போட வேண்டியது இன்னொரு விவசாயியோடு இல்லை, சோழிங்கநல்லூர் சம்பளத்தோடு.

வாடகையும் அப்படித்தான். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறான், அநியாயம் என்று இங்கே திட்டுகிறோம். திட்டிவிட்டு, கானாவிலக்கு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற நர்ஸம்மா நம் மாடி வீட்டைக் கேட்டு வந்தால் நாமும் பத்து மாதம் கேட்கிறோம். இந்தக் கூட்டத்திலேயே கேட்டவர்கள் இருக்கிறீர்கள். நானும் கேட்டிருக்கிறேன், போன வருடம் வரை. தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22 முதல் நகர்ப்புறங்களில் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. அந்த 'வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை' என்ற சந்தில்தான் எல்லோரும் நுழைந்துகொள்கிறோம். மாதம் 8,000 வாடகை என்றால் மூன்று மாதத்துக்கு 24,000. பத்து மாதத்துக்கு 80,000. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண் அதை எங்கே புரட்டுவாள்? அவள் வட்டிக்கு வாங்கித்தான் நம்மிடம் கொடுக்கிறாள்.

ஆகவே நம் சங்கத்தின் சார்பில் ஒரு தீர்மானம் வைக்கிறேன். நம் காலனியில் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் மூன்று மாத அட்வான்ஸோடு நிறுத்திக்கொள்வது, ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது. கட்டாயம் இல்லை, கையெழுத்துப் போடுகிறவர்கள் பெயரை அறிவிப்புப் பலகையில் போடலாம். முதல் கையெழுத்து என்னுடையது. வாடிக்கையாக ஏழு பேர் எதிர்ப்பீர்கள், எதிர்த்துப் பேசுங்கள், கேட்கிறேன்.

பிளாட் விஷயமாக என்னைக் கேட்ட மூன்று பேருக்கும் பதில்: தோட்டத்தை விற்காமல் பிள்ளையின் சம்பளத்திலேயே தவணை கட்ட முடிந்தால், வேலை ஆறு மாதம் இல்லாவிட்டாலும் சமாளிக்கிற சேமிப்பு இருந்தால், வாங்குங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றால் இன்னும் இரண்டு வருடம் வாடகையில் இருக்கச் சொல்லுங்கள். பில்டர் கொடுத்த காகிதங்களையும் வாடகை ஒப்பந்தங்களையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை இருப்பேன். பையனையும் போனில் பிடித்து வையுங்கள், கையெழுத்துப் போடப் போகிறவன் அவன்தான்.